அக்ரிலிக் விளிம்புக்கு நெருப்புப் பொலிஷ்: மெசினைப் பூட்டுவதிலிருந்து பத்திரமாக அணைப்பது வரை

வெட்டிய அக்ரிலிக் பிளாஸ்ரிக் பலகையின் விளிம்பை நெருப்புக் காட்டிப் பளபளப்பாக்குவதுதான் நெருப்புப் பொலிஷ். அதற்கான மெசின் வாங்கியவுடன் எல்லோரும் முதலில் செய்வது அதைப் பற்றவைத்துப் பார்ப்பதுதான். கீழே உள்ள ஒழுங்கில் நெருப்பு 8ஆம் படியில்தான் வருகிறது. பெயர்ப்பலகை, கேடயம், கடைகளுக்கான காட்சிப்பெட்டி என்று செய்யும் இடத்தில் புதிதாக வந்த பொடியள் பலருக்கு இந்த வேலையைப் பழக்கியிருக்கிறேன். பழுதான துண்டுகளில் பெரும்பாலானவை நெருப்புக்கு முந்திய படிகளில் பழுதானவை. ஆபத்தாகப் போன தருணங்களோ, ஒன்று விடாமல், அணைக்கும்போது வந்தவை.

இங்கே சொல்வது தண்ணீரை மின்னால் பிரித்து ஐதரசனும் ஒட்சிசனும் கலந்த வாயுவைத் தரும் மெசினைப் பற்றி. கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகை ஒட்டும் பட்டறைகளில் இதே வகை மெசினைப் பார்த்திருப்பீர்கள். சமையல் காஸில் ஓடும் புளோ ரோர்ச்சால் இதைச் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் சுவாலை அகலமானது, கரியும் படியும், விளிம்போடு சேர்த்து முகப்பையும் சுட்டுவிடும். வேண்டாம்.

1. கையில் இருப்பது அக்ரிலிக்தானா என்று பாருங்கள்

வெளிப்பார்வைக்கு அக்ரிலிக்கும் பொலிகாபனேற்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஓரத்தில் ஒரு சிறு கீற்றை வெட்டி வளைத்துப் பாருங்கள், அக்ரிலிக் பட்டென்று உடையும், பொலிகாபனேற் வளைந்து கொடுக்கும். பொலிகாபனேற்றை நெருப்பில் காட்டினால் குமிழி வந்து பழுப்பாகிவிடும்.

பலகைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை நுரைப் பலகை பிவிசி. அது எரிந்தால் ஐதரசன் குளோரைட்டுப் புகை வரும், நெஞ்சை அரிக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற (மிரர்) அக்ரிலிக்கின் பின்பூச்சு கருகிவிடும். இரண்டையும் நெருப்புக்கு அருகில் கொண்டுவராதீர்கள்.

அக்ரிலிக்கிலும் இரண்டு வகை இருக்கிறது, காஸ்ட் (அச்சில் வார்த்தது), எக்ஸ்ட்ரூடெட் (உருக்கி அழுத்தித் தள்ளி எடுத்தது). காஸ்ட் நெருப்பைத் தாங்கும். எக்ஸ்ட்ரூடெட் சீக்கிரம் உருகும், பின்னால் வெடிப்பு விழும் வாய்ப்பும் கூட. வாங்கும்போதே எது என்று கேட்டு, பலகையின் மூடுதாளில் பேனையால் எழுதி வையுங்கள், ஏனென்றால் வெட்டிய பிறகு பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

2. எந்த விளிம்பு ஒட்டப்படும், எது வெளியே தெரியும்?

இதை வெட்ட முன்னமே தீர்மானியுங்கள். ஒட்டப்போகும் விளிம்பை ஒருபோதும் நெருப்பில் காட்டக் கூடாது. நெருப்பு பட்ட விளிம்பு சற்று உருண்டுவிடும், அதனால் அடுத்த பலகையோடு முழுதாகப் பொருந்தாது. அதைவிட முக்கியமான காரணம், நெருப்பு மேல்தோலை மட்டும் உருக்கி ஆறவைப்பதால் உள்ளே ஓர் இழுவை தங்கிவிடுகிறது. அந்த இடத்தில் குளோரோபோம் மாதிரியான ஒட்டுத் திரவம் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் வலைபோலப் படரும். சில வேளை அடுத்த நாள்தான் தெரியும், அதற்குள் சாமான் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும்.

ஆகவே பென்சிலால் மூடுதாளில் குறியுங்கள்: ஒட்டும் பக்கத்துக்குப் பெருக்கல் குறி, தெரியும் பக்கத்துக்கு வட்டம். வட்டம் போட்டதை மட்டும்தான் பொலிஷ் செய்யப்போகிறோம்.

3. இடம், மின்சாரம், உடுப்பு

ஐதரசன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது, 75 சதவீதம் வரை பற்றும். அது மிக லேசானது, மேலே ஏறும். தகரமோ சீற்றோ போட்ட கொட்டிலில் முகட்டுக்குக் கீழே போய்த் தங்கும். கதவு திறந்திருப்பது போதாது, மேலே வாயு வெளியேற வழி இருக்க வேண்டும்.

அதே நேரத்தில் சுவாலையில் நேராகக் காற்று அடிக்கவும் கூடாது. சோளகம் அடிக்கும் மாதங்களில் தென்மேற்குப் பக்க யன்னலைச் சாத்திவிட்டு மற்றப் பக்கங்களைத் திறந்து வைப்பேன். மேல் விசிறியை நிறுத்த வேண்டும், சுவாலை ஆடினால் விளிம்பு அலையலையாக வரும்.

மெசினின் பிளேற்றில் 230 வோல்ற் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 110 வோல்றுக்குச் செய்தவையும் வருகின்றன. மூன்று கம்பிப் பிளக், வேலை செய்யும் எர்த், ட்ரிப் சுவிச் மூன்றும் கட்டாயம், ஏனென்றால் இது உள்ளே காரத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் பெட்டி.

பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து. வீட்டோடு சேர்ந்த பட்டறை என்றால் சாரமும் செருப்புமாக வந்து நிற்பது எங்களுக்குப் பழக்கம், இந்த வேலைக்கு அது சரிவராது. உருகிய அக்ரிலிக் சொட்டு தோலில் ஒட்டினால் லேசில் விடாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் நனைத்த சாக்கும் அக்ரிலிக்குக்காக, உலர்தூள் தீயணைப்பான் மெசினுக்காக. மின்சாரம் ஓடும் பெட்டிமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒட்டுத் திரவப் போத்தல்களை வேறு அறையில் வையுங்கள். குளோரோபோம், டைகுளோரோமீதேன் ஆவி சுவாலையில் பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று அதே மேசையில் வைக்காதீர்கள்.

4. காரக் கரைசல்: அவசரப்படக் கூடாத இடம்

தேவையானவை காய்ச்சி வடித்த தண்ணீர், பொற்றாசியம் ஐதரொட்சைட்டு (காரம் என்று சொல்வது இதைத்தான்), தடித்த பிளாஸ்ரிக் வாளி, பிளாஸ்ரிக் புனல், ரப்பர் கையுறை, கண்ணைச் சுற்றி முழுதாக மூடும் கண்ணாடி.

கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவு மெசினின் தகடுகளிலும் படியும். கரையோரப் பக்கம் உப்பும் சேர்ந்து வரும், அது தகட்டை அரிக்கும். வடிகட்டிக் காய்ச்சினாலும் உப்பு போகாது. அதேபோல, வாயு நன்றாக வரட்டும் என்று கறியுப்புப் போட்ட ஒருவரையும் தெரியும். அதில் குளோரின் வாயு வரும், நச்சு.

காய்ச்சி வடித்த தண்ணீர் பற்றரிக் கடைகளில் கிடைக்கும். அங்கேயே பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும், எனவே லேபிளை வாசித்து வாங்குங்கள். காரத்துக்குள் அசிட் போனால் கொதித்துத் தெறிக்கும்.

எவ்வளவு காரம் என்பதை மெசினின் கைநூல் சொல்லும், அதை மாற்றாதீர்கள். கூடப் போட்டால் வாயு கூடும் என்று நினைப்பது பிழை. நிறையில் 30 சதவீதம் அளவைத் தாண்டினால் கரைசலின் மின்கடத்தும் திறன் குறையத் தொடங்குகிறது.

தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றுங்கள். அதற்குள் காரத்தைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்குங்கள். இந்த ஒழுங்கை மாற்றி, காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால், கரையும்போது வரும் சூடு முழுவதும் ஒரு கை தண்ணீரில் இறங்கி அது கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியச் சட்டியும் கரண்டியும் கூடாது, காரம் அலுமினியத்தைத் தின்று ஐதரசனை வெளிவிடும். கரைத்தபின் சில மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் மெசினுக்குள் ஊற்ற வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டம் நிற்கட்டும்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல், இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். ஒருவர் கழுவிக்கொண்டிருக்க மற்றவர் 1990க்கு அழைக்கட்டும். காரம்தானே, புளி போட்டு முறிக்கலாம் என்று வினாகிரி, தேசிக்காய் எதையும் விடாதீர்கள். இந்தப் படியைத் தனியாகச் செய்யாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

மிஞ்சிய காரத்தை உடனே காற்றுப் புகாமல் மூடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். பழைய கரைசலை வளவுக்குள்ளோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள், எங்கள் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குத்தான் போகும். மூடிய பிளாஸ்ரிக் கானில் பெயர் எழுதி வைத்து, மெசின் திருத்த வருபவரிடம் கொடுங்கள்.

இனி ஒவ்வொரு முறையும் காரம் போடத் தேவையில்லை. மெசின் தின்பது தண்ணீரை மட்டும்தான், ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1,860 லீற்றர் வாயுவாகும். மட்டம் குறையும்போது வடித்த தண்ணீர் மட்டும் விடுங்கள். புதியவர்கள் மாதாமாதம் காரமும் சேர்த்துப் போட்டுக் கரைசலைக் கூழாக்கி விடுகிறார்கள்.

5. ஸ்பிரிட் குடுவை

வாயு இந்தக் குடுவைக்குள் குமிழியாகப் போய்த்தான் ரோர்ச்சுக்கு வரும். இது மூன்று வேலை செய்கிறது. சுத்தமான ஐதரசன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, ஸ்பிரிட் ஆவி அதற்கு நிறம் கொடுக்கும். 2,800 பாகை வரை போகக்கூடிய சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். நெருப்பு குழாய்வழியே திரும்பி ஓடினால் மெசினுக்குள் போகாமல் இங்கே நிற்கும்.

மூன்றாவதுதான் உயிர் காப்பது. மட்டம் கீழ்க் கோட்டுக்குக் குறைந்தால் அந்தக் காவல் இல்லை. காலையில் வந்ததும் முதல் பார்வை அதில்தான் விழ வேண்டும். கைநூல் சொல்லும் ஸ்பிரிட்டை மட்டும் விடுங்கள், பெற்றோல் தின்னர் எதுவும் ஆகாது. நெருப்பு எரியும்போது அல்லது மெசினில் அமுக்கம் இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

6. கசிவு பார்த்தல்

ரோர்ச் வால்வை மூடி, நெருப்பில்லாமல் மெசினை ஓடவிடுங்கள். அமுக்கம் ஏறியதும் ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரையைத் தூரிகையால் பூசுங்கள். குமிழி வந்தால் நிறுத்தி, அமுக்கத்தை விடுவித்து, மூட்டை இறுக்குங்கள். தீக்குச்சி காட்டிப் பார்க்கும் ஆக்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வாயுவில் எரிவதும் எரிக்க வேண்டிய ஒட்சிசனும் ஏற்கெனவே சேர்ந்தே வருகின்றன, தீக்குச்சிக்கு அது காத்துக்கொண்டிருக்கும்.

7. விளிம்பை ஆயத்தப்படுத்துதல்

பளபளப்பு இங்கேதான் உண்டாகிறது. நெருப்பு ஒரு மயிரளவு மேல்தோலைத்தான் உருக்கும், வாள் பல்லின் கோட்டை அது அழிக்காது, கண்ணாடிக்குள் வைத்தது போலப் பளிச்சென்று காட்டிவிடும். இதை எத்தனை தடவை சொன்னாலும் முதல் கிழமையில் எல்லோரும் கோட்டை அழிக்க நெருப்பையே இன்னொரு முறை, இன்னொரு முறை என்று காட்டி விளிம்பை மெழுகுதிரி ஆக்குகிறார்கள்.

முதலில் சுரண்டல். இரும்பு வாள் அலகின் முதுகை எடுத்து, சற்றுச் சாய்த்து, விளிம்பின் நீளத்துக்கு ஒரே இழுப்பாக இழுங்கள். சுருள் சுருளாக வரும். நாலைந்து இழுப்பில் வாள் கோடு போய்விடும்.

பிறகு அரத்தாள், 240, 400, 600 என்ற ஒழுங்கில். தாளை நேரான மரக்கட்டையில் சுற்றிப் பிடியுங்கள், விரலால் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும். 400இலிருந்து தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், சூடு ஏறாது, தூளும் அடைக்காது. ஒரு தாளின் கீறல் முழுதும் அடுத்த தாளில் மறைந்த பிறகுதான் மேலே போக வேண்டும். விளிம்பை யன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் மிஞ்சிய கீறல் தெரியும். நான் 240ஐப் பாய்ந்து 400இல் தொடங்க முயன்ற நாட்களில் எல்லாம் திரும்பி 240க்கே வந்திருக்கிறேன். 600க்கு மேலே தேவையில்லை, எல்லாம் ஒரே மங்கலாக, ஒரே சாம்பல் வெள்ளையாக இருந்தால் போதும்.

லேசரில் வெட்டிய விளிம்பு ஏற்கெனவே பளபளப்பாக வரும். அதற்கு மறுபடி நெருப்பு காட்டினால் இழுவை இன்னும் கூடும். விட்டுவிடுங்கள்.

சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் நன்றாக உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் வெள்ளை மூட்டம், தூள் இருந்தால் வெள்ளைப் புள்ளி. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். உலர்ந்த விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவும் வேண்டாம், வியர்வைத் தடம் அப்படியே எரிந்து ஒட்டும்.

கடைசியாக, மூடுதாளை விளிம்பிலிருந்து 3 சென்ரிமீற்றராவது இரு பக்கமும் உரித்து விடுங்கள். தாள் பற்றும், பிளாஸ்ரிக் மூடி உருகி முகப்பில் ஒட்டும். ஸ்ரிக்கர் ஒட்டும் வேலை எல்லாம் பொலிஷுக்குப் பின்.

8. ஊசி பூட்டிப் பற்றவைத்தல்

ஊசி என்பது ரோர்ச்சின் முனையில் பூட்டும், வாயு வெளியேறும் மெல்லிய குழல். அதன் இலக்கம் கூடினால் ஓட்டை சிறிது. 3 முதல் 5 மில்லிமீற்றர் பலகைக்கு நான் 22ஆம் இலக்கம் பூட்டுகிறேன், தடிப்புக் கூடினால் 20. பெரிய ஓட்டை போட்டால் வேலை வேகமாகும் என்று மெசினின் வலுவுக்கு மிஞ்சிய ஊசியைப் பூட்டுவது ஆபத்தான பிழை. வாயு ஊசியை விட்டு வெளியேறும் வேகம் சுவாலை பின்னோக்கி ஓடும் வேகத்தைவிடக் கூட இருக்கும் வரைதான் நெருப்பு வெளியே நிற்கும். ஓட்டை பெருத்தால் வேகம் குறையும், நெருப்பு உள்ளே போகும்.

மெசினைப் போட்டு, வால்வு மூடிய நிலையில் வேலை அமுக்கம் வரும் வரை பொறுத்திருங்கள். வால்வைத் திறந்து, ஓரிரு விநாடி வாயு ஓடவிட்டு, நீளக் கைபிடி உள்ள லைற்றரைப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். ரோர்ச்சின் முனை மெசினையோ ஆளையோ பார்க்கக் கூடாது. கூரான, ஆடாத, சீறும் சுவாலை வர வேண்டும்.

9. ஓட்டம்

வேலைத்துண்டை மேசை விளிம்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் வெளியே நீட்டிப் பிடிகட்டை போடுங்கள். கீழே வெறும் தரையாக இருக்கட்டும், அட்டைப்பெட்டி கூடாது. பலகைகளை அடுக்கி ஒன்றாகச் செய்தால் ஒன்றோடொன்று உருகி ஒட்டும்.

நெருப்பில்லாமல் முதலில் மூன்று தடவை கையை ஓட்டிப் பாருங்கள். மணிக்கட்டைத் திருப்பினால் சுவாலை வில்லாக வளைந்து நடுவில் கிட்ட வரும், அந்த இடம் உருகும். தோளோடு உடம்பையும் சேர்த்து நகர்த்துங்கள்.

சுவாலையின் நுனி மட்டும் விளிம்பைத் தொடட்டும். வேகம் விநாடிக்கு 7 முதல் 10 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அடி நீளத்துக்கு மூன்று அல்லது நாலு எண்ணிக்கை. துண்டுக்கு வெளியே தொடங்கி, மறுபக்கம் வெளியே போய்த்தான் நிற்க வேண்டும். மூலையில் சூடு இரண்டு பக்கத்தாலும் ஏறும், அங்கே தயங்கினால் மூலை கரைந்துவிடும்.

சரியான வேகத்தில் போகும்போது சுவாலைக்குப் பின்னால் ஓர் ஈரம் ஓடி வருவதுபோலத் தெரியும். அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள், நெருப்பைப் பார்க்காதீர்கள். ஈரம் பின்தங்கினால் சற்று மெதுவாக, குமிழி தெரிந்தால் உடனே விலகி விடுங்கள். ஒரு தடவை போதாவிட்டால் கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பின்தான் இரண்டாவது. 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புக்கு ஒரே ஓட்டத்தில் நடுவைப் பிடிக்க முயலாமல், மேல் பாதி ஒரு ஓட்டம், ஆறிய பின் கீழ்ப் பாதி இன்னொரு ஓட்டம்.

முதல் நாள் முழுவதும் கழிவுத் துண்டில் ஓட்டுங்கள். இருபது துண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் வேண்டுமென்றே சிலவற்றை மெதுவாக ஓட்டிப் பழுதாக்கிப் பாருங்கள், குமிழி வருமுன் விளிம்பு எப்படி மாறுகிறது என்பதைக் கண் பழகிவிடும்.

10. அணைத்தல், கரண்ட் போனால் செய்வது

ஒழுங்கு இது: ரோர்ச் வால்வை ஒரே திருப்பில் மூடுங்கள், நெருப்பு அணைந்ததை உறுதிப்படுத்துங்கள், பிறகு மெசின் சுவிச், கடைசியாக அமுக்கத்தை விடுவியுங்கள்.

நெருப்பு எரிய எரியச் சுவிச்சை நிறுத்தினால் அமுக்கம் மெல்ல மெல்ல விழும், வாயுவின் வேகம் குறையும், நெருப்பு ஊசிக்குள் புகுந்து பட்டென்று வெடிச்சத்தத்தோடு குழாய்வழியே ஓடும். 8ஆம் படியில் சொன்ன அதே காரணம்தான். வால்வை மெதுமெதுவாகத் திருகி மூடுவதும் இதே பிழை.

கரண்ட் திடீரென்று போவதும் சுவிச்சை நிறுத்துவதும் மெசினுக்கு ஒன்றுதான். பழக வந்த ஒரு தம்பி கரண்ட் போனவுடன் லாம்பு தேடத் திரும்பினார், ரோர்ச் கையில் எரிந்தபடியே. குழாய் வெடித்த சத்தத்தில் அயல் வீட்டார் ஓடி வந்தார்கள். குடுவையில் ஸ்பிரிட் மட்டம் சரியாக இருந்ததால் மெசினுக்குள் போகவில்லை, அவருடைய கையில் சிறு காயத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு, புதியவர் யாராக இருந்தாலும் முதல் நாளிலேயே நான் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கிப் பழக்குகிறேன், சீறல் சத்தம் மாறியவுடன் விரல் தானாக வால்வுக்குப் போக வேண்டும். அமுக்கம் உள்ள மெசினில் அந்தப் பழக்கத்தை நெருப்பில்லாமல் செய்யுங்கள்.

அமுக்கத்தை விடுவிக்காமல் போனால், மெசின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி ஸ்பிரிட்டைப் பின்னுக்கு இழுக்கும். அது காரத்தோடு கலந்தால் நுரைக்கும், கரைசல் முழுவதையும் மாற்ற வேண்டி வரும்.

11. பொலிஷுக்குப் பிறகு

ஆறும் வரை தொடாதீர்கள், விரல் ரேகை பதிந்துவிடும். ஒட்டு வேலை அருகில் வருகிற துண்டு, அல்லது பல வருடம் நிற்க வேண்டிய துண்டு என்றால் இழுவையை எடுக்கச் சூட்டறையில் வைக்க வேண்டும். காஸ்ட் அக்ரிலிக்குக்கு 80 பாகை செல்சியஸ், நேரம் தடிப்பை 3ஆல் வகுத்தால் வரும் மணித்தியாலம், ஆனால் 2 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. 12 மில்லிமீற்றருக்கு 4 மணித்தியாலம். பிறகு கதவைத் திறக்காமல் 60 பாகைக்குக் கீழே இறங்கும் வரை உள்ளேயே ஆறவிடுங்கள், சடாரென்று வெளியே எடுத்தால் புதிய இழுவை உண்டாகும். சூட்டறை வசதி இல்லை என்றால் அந்தத் துண்டுக்கு நெருப்பை விட்டுவிட்டுப் பஃப் சில்லில் (சுழலும் துணிச் சில்லில்) பொலிஷ் செய்யுங்கள், நேரம் கூடப் பிடிக்கும், வெடிப்பு வராது.

வாடிக்கையாளருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரும் மென்துணியும் போதும். ஆறு மாதம் கழித்து வெடிப்போடு திரும்பி வந்த கேடயங்களில் பாதிக்கு மேல் ஸ்பிரேயால் துடைத்தவை.

12. பிழையைப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தல்

கோடு தெரிந்தால் அரத்தாளுக்குத் திரும்புங்கள். குமிழி என்றால் கை மெதுவாகப் போயிருக்கிறது, அல்லது பலகை ஈரத்தை இழுத்திருக்கிறது, மழைக்காலத்தில் இரண்டாவதையும் யோசியுங்கள். முகப்பில் மூட்டம் என்றால் சுவாலை விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கிறது, நேராகப் பிடியுங்கள். சுவாலை கண்ணுக்குத் தெரியாமல் போனால் உடனே அணைத்து ஸ்பிரிட் மட்டத்தைப் பாருங்கள். வாயு குறைந்து மெசின் சூடானால் தண்ணீர் மட்டம் குறைந்திருக்கும். அடிக்கடி பட் பட்டென்று சத்தம் வந்தால் ஊசி அடைத்திருக்கிறது அல்லது ஓட்டை பெரிது, அன்றைக்கு அந்த ஊசியோடு மேற்கொண்டு வேலை செய்ய வேண்டாம், மாற்றிப் பூட்டி 6ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.